டிரெயின் போல்ட்டில் இரண்டு வாஷர்கள்: வீட்டிலேயே என்ஜின் ஆயில் மாற்றிய அனுபவம்

கார் வழக்கமாக நிற்கும் தரையில், முன்சக்கரங்களுக்கு நடுவே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டைச் சில வாரங்களாகவே பார்த்துவந்தேன். துடைத்தால் இரண்டு நாளில் மறுபடியும் வரும், ஆனால் பெரிதாகாது. ஆயிலின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவே நின்றது. சென்ற முறை ஆயில் மாற்றி ஏறக்குறைய பதினொரு மாதங்களும் 9,400 கிலோமீட்டரும் ஆகியிருந்தன. என் காரின் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதங்கள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறது. எனவே கசிவைத் தேடுவதையும் ஆயில் மாற்றுவதையும் ஒரே வேலையாகச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். இதே காருக்கு முன்பு மூன்று முறை வீட்டிலேயே மாற்றியிருக்கிறேன். சென்ற முறை மட்டும் நேரமில்லாமல் ஒரு பணிமனையில் விட்டிருந்தேன்.

இந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் எந்த ஆயில் நல்லது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். கையேடு சொல்லும் ஆயிலை வாங்கிவிட்டால் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது. வேலையின் பொறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. என்ஜினில் நாம் இரண்டு வாய்களைத் திறக்கிறோம்: ஒன்று பழைய ஆயிலை வடிப்பதற்காகக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் துளை, மற்றொன்று ஃபில்டர் உட்காரும் இடம். அந்த இரண்டையும் ஒரு சொட்டுக்கூடக் கசியாதபடி மூடிவிட்டு எழுந்திருப்பதே முக்கியம். பழைய ஆயிலோடு இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் என்ஜின் உடனே கெட்டுவிடாது. சரியாக மூடாத போல்ட் ஓடும் வழியில் கழன்று விழுந்தால் சில நிமிடங்களில் பேரிங்குகள் உலர்ந்து என்ஜின் இறுகிவிடும். அதனால் இந்தப் பதிவில் அந்த இரண்டு வாய்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஆயில் தேர்வைப் பற்றி மட்டும் முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் காரின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினுக்குக் கையேடு கேட்பது 5டபிள்யூ-30. இதில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்து கிடக்கும் என்ஜினை இயக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக இளகிக்கொடுக்கும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறியதாக இருந்தால் இன்னும் கடுமையான குளிரிலும் அது இளகிக்கொடுக்கும். பின்னால் உள்ள எண், ஆயில் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியபின் அதன் பாகுத்தன்மை எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. கெட்டியான ஆயில் என்றால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து 40 ஊற்றுபவர்கள் உண்டு. கையேடு இரண்டையும் அனுமதித்திருந்தால் அதில் தவறில்லை; அனுமதிக்காத என்ஜினில் அது சரியல்ல. இன்றைய என்ஜின்களில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றுகிற அமைப்புகூட ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அதன் மெல்லிய வழிகள் குறிப்பிட்ட பாகுத்தன்மையை மனத்தில் வைத்தே துளையிடப்பட்டவை.

டப்பாவில் இருக்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரக்குறியையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் என்ஜினுக்கானவை ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும், டீசலுக்கானவை பெரும்பாலும் ‘சி’யில் தொடங்கும். 2020-ல் வந்த எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என் தரத்தைக் கேட்கும் என்ஜின்களுக்கும் பொருந்தும் என்பதால் நான் அதை வாங்கினேன். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய டீசல் கார் வைத்திருப்பவர்கள், சாம்பல் குறைவாக விடும் ஆயில் என்று கையேடு குறிப்பிட்டிருந்தால் அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். மற்ற ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டுகள், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, 17 மில்லிமீட்டர் சாக்கெட், அதற்கு நீளமான கைப்பிடி, குறித்த அளவு இறுகியதும் ‘கிளிக்’ என்று காட்டும் டார்க் ரெஞ்ச், ஃபில்டரைக் கழற்றும் பட்டி ரெஞ்ச், ஐந்து லிட்டராவது கொள்ளும் அகலமான தட்டு, புனல், பழந்துணி, நைட்ரைல் கையுறை, நல்ல வெளிச்சம். பொருள்களில் ஆயில், ஃபில்டர், புதிய வாஷர் ஆகியவற்றோடு ஒரு புதிய டிரெயின் போல்ட்டும் வாங்கிவைத்தேன். கசிவு அந்த இடத்தில்தான் என்று எனக்குள் ஓர் ஊகம் இருந்தது. கழற்றிய பிறகு பழைய போல்ட் உதவாது என்று தெரிந்தால், ஆயில் இல்லாத காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாதல்லவா.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். வெதுவெதுப்பான ஆயில் எளிதாக வடியும். அடியில் படிந்த கசடும் கலங்கி அதோடு சேர்ந்து வெளியே வரும். நீண்ட தூரம் ஓட்டிவந்த உடனே திறக்கக் கூடாது. அப்போது ஆயில் 90 டிகிரிக்கு மேல் இருக்கும். கையுறையைத் தாண்டிச் சுட்டுவிடும். கையை வைத்தால் தாங்கும் சூடு போதும்.

காரைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களின் இரு பக்கமும் கட்டை வைத்தேன். பிறகு கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டு வைத்து, அவற்றின் மேல் கார் முழுமையாக உட்காரும்படி ஜாக்கியை இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஒரு நிமிட வேலை என்றாலும் கூடாது. ஜாக்கியின் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீல் போனால் கார் இறங்கிவிடும், ஓரமாய்ச் சாய்ந்தால் ஜாக்கி சறுக்கிவிடும். ஸ்டாண்டில் உட்கார்த்திய பிறகும், அடியில் போவதற்கு முன் காரைப் பக்கவாட்டில் இரண்டு முறை பலமாக அசைத்துப் பார்த்தேன். அசைந்து விழுவதாக இருந்தால் நான் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

என்ஜினின் அடிப்பக்கத்தை மறைக்கும் அடித்தகட்டைக் கழற்றியதும் ஊகம் சரியென்று தெரிந்தது. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் மற்றப் பகுதிகளெல்லாம் உலர்ந்து, மெல்லிய புழுதி படிந்து கிடக்க, டிரெயின் போல்ட்டின் தலை மட்டும் ஈரமாய் மினுங்கியது. அதன் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு உருண்டு, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட் தலையின் ஆறு மூலைகளில் இரண்டு லேசாக மழுங்கியிருந்தன. யாரோ பன்னிரண்டு முனைச் சாக்கெட்டைப் போட்டுப் பலம் கொண்ட மட்டும் திருகியிருக்கிறார்கள். இந்த இடத்துக்கு ஆறு முனைச் சாக்கெட்டே சரி. அது மூலைகளைப் பிடிக்காமல் பக்கங்களின் தட்டையான பரப்பில் அழுத்துவதால் தலை மழுங்காது.

சாதாரணக் கைப்பிடிக்குப் போல்ட் அசையவே இல்லை. நீளமான கைப்பிடியை மாட்டி, சாக்கெட் தலையில் முழுவதும் இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்னை நோக்கி நிதானமாக இழுத்தேன். ‘பட்’டென்று ஒரு சத்தம், அதன் பிறகு விரலாலேயே திருக முடிந்தது. கடைசிச் சில சுற்றுகளில் போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே திருகி, மரை முடிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் விலக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஆயில் கையில் வழியாது. போல்ட்டும் தட்டுக்குள் விழாது. முதலில் ஆயில் நேராக விழாமல் ஒரு சாண் தூரம் வளைந்து பாயும் என்பதால், தட்டின் நடுவைத் துளைக்கு நேர்கீழே வைக்காமல் பாயும் திசையில் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. வடிய வடிய அந்த வளைவு சுருங்கி நேர்கோடாகும்.

போல்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். அலுமினிய வாஷர் ஒன்று அதோடு வந்திருந்தது. ஆனால் அந்த வாஷரின் ஒரு பக்கம் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. சம்ப்பின் கடைந்தெடுத்த முகத்தில் அழுந்திய வாஷரில் ஒரே சீரான, மங்கலான வளையம் பதிந்திருக்கும். இதிலோ ஒரு குறுகலான பள்ளம் வட்டமாக ஓடி, ஓரிடத்தில் ஆழமாகவும் எதிர்ப்பக்கத்தில் ஆழமில்லாமலும் இருந்தது. ஏதோ ஒரு விளிம்பின் மேல் அது உட்கார்ந்திருந்திருக்கிறது. வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துச் சம்ப்பின் வாயைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விரல் நகத்தை ஓரமாகத் தேய்த்தபோது ஒரு மெல்லிய விளிம்பில் நகம் இடறியது. அது சம்ப்பின் பகுதியே இல்லை. முந்தைய செம்பு வாஷர். அழுந்தி அழுந்தித் தகடாகி, மேலே கரி படிந்து, சம்ப்போடு ஒன்றாகிவிட்டிருந்தது. சென்ற முறை அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதிய வாஷரைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சங்கிலித்தொடர் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் டிரெயின் போல்ட்டைப் பற்றிய எல்லாமே புரிந்துவிடும். வாஷரின் வேலை நசுங்குவது. சம்ப்பின் முகத்திலும் போல்ட்டின் கழுத்திலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் மென்மையான உலோகம் இறங்கி நிரம்புவதால்தான் ஆயில் வெளியேற வழியில்லாமல் போகிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிக் கெட்டியாகிவிடும். மறுமுறை அது அந்த அளவுக்கு நசுங்காது. கெட்டியான பழைய வாஷரின் மேல் புதியது உட்காரும்போது, மூட வேண்டிய பரப்புகள் இரண்டிலிருந்து மூன்றாகின்றன. அவற்றில் ஒன்று சமமாகவும் இல்லை. கசிகிறது. கசிவதைக் கண்டவர் இன்னும் இறுக்குகிறார். அந்த இறுக்கத்தை வாஷர் வாங்கிக்கொள்வதில்லை. சம்ப்பின் மரை வாங்கிக்கொள்கிறது. போல்ட் எஃகு, சம்ப் அலுமினியம். தோற்பது எப்போதும் அலுமினியம்தான்.

எவ்வளவு இறுக்கம் போதும் என்பதற்கு என் கையேடு தரும் அளவு 35 நியூட்டன் மீட்டர். மற்றக் கார்களில் இது மாறும் என்பதால் அவரவர் கையேட்டையே பார்க்க வேண்டும். இந்த எண்ணைக் கைக்குப் புரியும்படி சொல்வதானால், கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 14 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குவிசை அது. அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினால் ஏறக்குறைய 290 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். தேவையானதைப் போல எட்டு மடங்கு. ‘நன்றாக இறுக்கிவிட்டேன்’ என்று சொல்வதில் இருக்கும் அபாயம் இதுதான். இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய நினைப்பவர்கள் வேறெந்தக் கருவியில் சிக்கனம் பார்த்தாலும் டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

செம்பு வாஷரை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருந்தால் நொடியில் வந்திருக்கும். ஆனால் அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியே வாழ்நாள் முழுக்கக் கசியும். கெட்டியான பிளாஸ்டிக் பட்டை ஒன்றின் முனையைச் சீவி, விளிம்பைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினேன். கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அது கழன்று உள்ளங்கையில் விழுந்தபோது, காகிதம்போல் மெலிந்து, ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் புத்தம் புதிய செம்பு நிறத்தில் பளபளத்தது. அடியில் இருந்த சம்ப்பின் முகம் கீறலின்றிச் சுத்தமாக இருந்தது.

அடுத்து மரை. பழைய போல்ட்டின் மரைப் பள்ளங்களில் இரண்டிடத்தில் முடிபோல் மெல்லிய அலுமினிய இழை சுருண்டு கிடந்தது. சம்ப்பின் மரை சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். துளையின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, புதிய போல்ட்டை வாஷர் இல்லாமல் விரலால் மட்டும் திருகிப் பார்த்தேன். தடங்கலின்றி, ஆடாமல், கடைசிவரை போய் உட்கார்ந்தது. நல்லவேளையாக மரை போதுமான அளவு மிஞ்சியிருந்தது. விரலால் போகாத போல்ட்டைக் கருவி போட்டு ஏற்றுவது மரையைக் குறுக்கே வெட்டிவிடும். மரை வழுக்கியிருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கிச் சுருள்கம்பி வடிவிலான எஃகு மரையை உள்ளே பொருத்தும் முறை இருக்கிறது. அதற்கும் கட்டுப்படாவிட்டால் சம்ப்பையே மாற்ற வேண்டியதுதான்.

இதற்குள் ஆயில் வடிந்து, சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியிருந்தது. அவசரப்பட வேண்டியதில்லை. சொட்டுகளுக்கு இடையே சில நொடிகள் இடைவெளி விழும்வரை விட்டேன். காத்திருந்த நேரத்தில், வடிந்த ஆயிலைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கரித்துகள்களை ஒன்றோடொன்று சேர்ந்து கசடாக விடாமல் தனித்தனியே மிதக்க வைப்பது ஆயிலில் கலந்துள்ள இரசாயனங்களின் வேலை. கறுத்த ஆயில் அந்த வேலையைச் செய்த ஆயில். வேறு சில அடையாளங்களையே தேட வேண்டும். பாலில் டிகாஷன் கலந்ததுபோல் வெளிறிக் குழைந்திருந்தால் கூலண்டோ தண்ணீரோ உள்ளே போகிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் எரியாத எரிபொருள் இறங்குகிறது. குறுகிய தூரமே ஓடும் கார்களில், என்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால், இது அதிகம். ஆறிய ஆயிலைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் சாய்க்கும்போது மினுமினுப்பான துகள்கள் நெளிந்தால் பேரிங்கில் தேய்மானம். எனக்கு இவற்றில் எதுவும் தென்படவில்லை.

துளையின் வாயையும் போல்ட்டின் மரையையும் உலரத் துடைத்தேன். மரையில் ஆயில் இருந்தால் உராய்வு குறைந்து, ரெஞ்ச் அதே 35 காட்டும்போதே போல்ட் அதைவிட அதிகமாக இறுகிவிடும். கையேட்டின் அளவு பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. புதிய வாஷரைப் போட்டுக் கடைசிவரை விரலால் திருகி, பிறகு டார்க் ரெஞ்சை நிதானமாக இழுத்தேன். வாஷர் நசுங்கும்போது கைக்கு ஒரு மென்மையான விட்டுக்கொடுத்தல் தெரிகிறது. அதையடுத்துப் பிடிப்பு ஏறி, ‘கிளிக்’ என்றது. ஒரே கிளிக். உறுதிப்படுத்திக்கொள்வதாக நினைத்து இரண்டாம் முறை இழுப்பது கூடுதல் இறுக்கம்தான். வெள்ளை பெயிண்ட் பேனாவால் போல்ட்டின் தலையிலிருந்து சம்ப்வரை ஒரு கோடு இழுத்தேன். போல்ட் பின்னால் அசைந்தால் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வாய், ஃபில்டர். என் காரில் இருப்பது டப்பா வடிவில் முழுதாகத் திருகிக் கழற்றும் வகை. பட்டி ரெஞ்சால் அரைச் சுற்று இளக்கிவிட்டு, தட்டை அடியில் நகர்த்திவிட்டு, மீதியைக் கையால் திருகினேன். கழன்றதும் முதல் வேலையாகப் பழைய ஃபில்டரைத் திருப்பி, அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாக இந்த வேலையைச் செய்தபோது அதைப் பார்க்கத் தவறினேன். பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரைத் திருகிவிட்டேன். என்ஜினை இயக்கியதும் ஆயில் அழுத்தம் ஏறியது. இரண்டு ரப்பர் வளையங்களில் ஒன்று பிதுங்கி வெளியே தள்ளியது. நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்புவதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் தரையில் பரவிவிட்டது. ஓடும் சாலையில் அப்படி நடந்திருந்தால் என்ஜின் பிழைத்திருக்காது. வாஷரிலும் ஃபில்டரிலும் கற்றுக்கொண்டது ஒன்றேதான்: பழையது முழுவதும் வெளியே வந்துவிட்டது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே புதியதைப் போட வேண்டும்.

ஃபில்டர் உட்காரும் முகத்தைத் துடைத்து, புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரல் நுனியால் புதிய ஆயிலைப் பூசினேன். காய்ந்த ரப்பர் திருகும்போது சுருண்டுகொள்ளும், அடுத்த முறை ஒட்டிக்கொள்ளும். இந்தக் காரில் ஃபில்டர் வாய் மேல்நோக்கி நிற்பதால், அதில் பாதியளவு ஆயிலை முன்கூட்டியே ஊற்றினேன். என்ஜின் இயங்கத் தொடங்கும்போது அழுத்தம் விரைவில் ஏறுவதற்கு அது உதவும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஃபில்டரின் ஓரத்தில் வட்டமாக இருக்கும் சிறு துளைகளே ஆயில் உள்ளே வரும் வழி. நடுவில் மரையோடு இருக்கும் பெரிய துளை, வடிகட்டப்பட்ட ஆயில் என்ஜினுக்குப் போகும் வழி. நடுத்துளையில் ஊற்றினால் அந்த ஆயில் வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குப் போய்விடும். ஓரத் துளைகளில், பொறுமையாக, உறிஞ்ச உறிஞ்ச ஊற்ற வேண்டும்.

ஃபில்டரை இறுக்குவதற்குக் கருவி வேண்டாம். ரப்பர் என்ஜினின் முகத்தைத் தொட்டதும், அங்கிருந்து முக்கால் சுற்று, கையாலேயே. ஃபில்டரின் உடலில் அச்சிட்டிருக்கும் அளவு வேறாக இருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். டப்பா வகைக்குப் பதிலாக உள்ளே காகித உருளையை மட்டும் மாற்றும் வகை இருந்தால், மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அந்த மூடியிலேயே இறுக்க அளவு பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

காரைத் தரையில் இறக்கிய பிறகே ஆயில் ஊற்றினேன். சாய்ந்து நிற்கும் காரில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். ஃபில்டரோடு சேர்த்து இந்த என்ஜினின் கொள்ளளவு 3.6 லிட்டர். அதை அப்படியே ஊற்றிவிடக் கூடாது, ஏனென்றால் உள்ளே பழைய ஆயில் கொஞ்சம் எப்போதும் தங்கியிருக்கும். முதலில் 3.2 லிட்டர் ஊற்றி, மூடியைப் போட்டு, என்ஜினை இயக்கி, டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நொடிகளில் அணைந்தது. பத்து நொடியாகியும் அணையாவிட்டால் உடனே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். விளக்கு அணையும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்தபடி டார்ச் வெளிச்சத்தில் ஃபில்டரின் விளிம்பையும் போல்ட்டையும் பார்த்தேன், இரண்டும் உலர்ந்திருந்தன. நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன். இரண்டு குறிகளின் நடுவுக்குச் சற்று மேலே நின்றது. மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர் என்பதால், நூறு நூறு மில்லிலிட்டராக ஊற்றி, மேல்குறிக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினேன். மொத்தம் 3.5 லிட்டர் போனது. மேல்குறியைத் தாண்டி ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைத் தொட்டு அதை நுரையாக அடித்துவிடும். நுரையில் காற்று இருப்பதால் பேரிங்குக்குப் போக வேண்டிய அழுத்தம் விழும். அதிகமாகிவிட்டால் வடித்துவிடத் தயங்க வேண்டாம்.

பழைய ஆயிலைப் புனல் வைத்துப் புதிய ஆயிலின் காலி டப்பாவிலேயே ஊற்றி, ‘பழைய ஆயில்’ என்று எழுதி மூடினேன். பழைய ஃபில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து இரவு முழுவதும் வடியவிட்டேன். காலையில் தட்டில் இன்னொரு கோப்பை ஆயில் தேங்கியிருந்தது. இந்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அதில் எரிதலின் நச்சுக் கழிவுகளும் தேய்மான உலோகங்களும் கலந்திருக்கின்றன. தண்ணீரில் அது ஏடாகப் பரவும், எளிதில் மக்காது. அதேசமயம் அதைச் சுத்திகரித்து மீண்டும் அடிப்படை ஆயிலாக்க முடியும். பழைய ஆயிலைச் சேகரித்து அனுப்பும் இடத்தில் ஒப்படைத்தேன். அப்படிக் கொடுப்பதானால் கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதில் கலக்காமல் இருக்க வேண்டும். கலந்தால் சுத்திகரிப்புக்கு உதவாது. கையுறையும் இதனால்தான். பழைய ஆயில் தோலில் அடிக்கடி, நெடுநேரம் படுவது நல்லதல்ல.

வடிந்த ஃபில்டரை ஃபில்டர் கட்டரால் அறுத்துப் பிரித்தேன். ரம்பத்தால் அறுத்தால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து நம்மைக் குழப்பிவிடும். மடிப்பு மடிப்பான காகிதத்தை வெட்டியெடுத்து, வெள்ளைத் துணியின் மேல் விரித்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தேன். கரிப்படலமும், சீலண்டின் பிசிறு போன்ற ஒரு துணுக்கும் இருந்தன. காந்தத்தை அருகில் கொண்டுபோனபோது எதுவும் ஒட்டவில்லை. 70,000 கிலோமீட்டர் கடந்த என்ஜினுக்கு இது எனக்கு நிறைவளித்த காட்சி.

அடுத்த நாள் காலை, காரை இயக்குவதற்கு முன் தரையில் விரித்திருந்த அட்டையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, போல்ட்டின் அடியிலும் ஃபில்டரின் விளிம்பிலும் காகிதத்தால் ஒற்றி எடுத்தேன். இரண்டு காகிதங்களும் வெள்ளையாகவே வந்தன. பெயிண்ட் கோடும் உடையவில்லை. அதன் பிறகே அடித்தகட்டை மாட்டி, தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் கிரேடு, ஊற்றிய அளவு, ‘ஒரே ஒரு வாஷர், புதியது’ என்பவற்றைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.